நிற்க வைத்துப் பாருங்கள்

படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். படுக்க வைத்து எக்கோ பார்க்கிறார்கள். ஸ்டூலில் உட்கார வைத்து பி.பி. பார்க்கிறார்கள். 'எல்லாம் நார்மல்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் வந்த பெண் சொன்னது வேறு. "எந்திரிச்சு நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது சார், கண்ணு இருட்டிக்கிட்டு வருது, காலு நடுங்குது. படுத்தா சரியாப் போயிடுது." நின்றால் வருகிற நோயை நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் அது நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்ற கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. 'பாஸ்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்', சுருக்கமாக 'பாட்ஸ்'. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் சங்கதி எளிது. படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்கும்போது சுமார் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. எல்லா மனிதருக்கும் இது நடக்கிறது. உடனே கீழேயுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். இதயம் நிமிஷத்துக்கு பத்து, இருபது துடிப்பு கூட்டித் துடித்துச் சமாளிக்கும். நம்மைக் கேட்காமலேயே இந்த வேலையைச் செய்வது தானியங்கி நரம்பு மண்டலம். அதில் கோளாறு வந்தால் சிலருக்குக் குழாய்கள் சரியாகச் சுருங்குவதில்லை. சிலருக்கு உடம்பில் ஓடுகிற ரத்தத்தின் அளவே குறைந்திருக்கிறது. சிலருக்கு நார்அட்ரினலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. எப்படியானாலும் மூளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய கடமை இதயத்தின் தலையில் விழுகிறது. அது ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத்தான் அந்தப் பெண் 'படபடப்பு' என்கிறாள்.

இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இருக்கிறது. எழுந்து நின்று 10 நிமிஷத்துக்குள் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே கூடி நிற்க வேண்டும். 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு இது 40. ரத்த அழுத்தம் கணிசமாக விழக்கூடாது. மேல் அளவு 20, கீழ் அளவு 10 என விழுந்தால் அது வேறு கோளாறு. தொல்லை குறைந்தது மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, நீர் வற்றுதல், சாப்பிடுகிற மாத்திரை, நெடுநாள் படுக்கை போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று ஆகியிருக்க வேண்டும். 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஷொண்டார்ஃப், லோ என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்து நோயை வரையறுத்து எழுதினார்கள். முப்பது வருஷம் தாண்டிவிட்டது.

ஆனால் நோய் 1993இல் பிறந்ததா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் மூச்சிரைப்பும் தலைச்சுற்றலுமாகப் படுத்துவிட்ட சிப்பாய்கள் முன்னூறு பேரைக் கவனித்து ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் விரிவாக எழுதினார். முதல் உலகப் போரில் பிரிட்டனில் தாமஸ் லூயிஸ் இதே மாதிரியான சிப்பாய்களைப் பார்த்தார். 'சிப்பாய் இதயம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி நடந்தது. 1918இல் லூயிஸ் புத்தகமே போட்டார். அந்தச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் இருந்தது இன்றைய பாட்ஸ்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தொல்லைகளின் பட்டியல் பெரிதும் ஒத்துப்போகிறது. நான் சொல்ல வருவது வேறு. யுத்தத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, எழுந்து நிற்க முடியாத உடம்பு அரசாங்கத்துக்குப் பிரச்சினையாயிற்று. ஆராய்ச்சி நடந்தது. இன்று இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பகுதி 15 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்கள். இவர்கள் எழுந்து நிற்க முடியாவிட்டால் யாருக்குப் பிரச்சினை? அடுப்பங்கரைக்கும் கடை முதலாளிக்கும்தான். அங்கே ஆராய்ச்சி கிடையாது, வசவுதான்.

2019இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில் இந்த நோயுள்ள 4,835 பேர் கலந்துகொண்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்காக்காரர்கள். அவர்களில் 94 சதம் பெண்கள், 93 சதம் வெள்ளையர். வெள்ளைத் தோலைத் தேடிப் பிடிக்கிற நோயா இது? நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் தோல் நிறம் தெரியாது. யாருக்கு மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போக வசதியிருந்ததோ, யார் சொன்னதை மருத்துவர் காதில் வாங்கினாரோ, அவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் கணக்கில் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. நான் வங்கியில் கிளார்க். லெட்ஜரில் ஏறாத பணம் வங்கியைப் பொறுத்தவரை இல்லாத பணம். நோயாளிகள் விஷயத்திலும் இதே நியாயம்தான் நடக்கிறது.

என் அக்கா மகள் கதையைச் சொல்கிறேன். 22 வயது. பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் விட்டது, உடம்பு திரும்பவில்லை. பஸ்ஸுக்கு நின்றால் தலை சுற்றும். குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடையில் புடவை எடுத்துப் போடும்போது நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது என்பாள். இரண்டு முறை கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா, டெய்லி ஒரு டிராமாவா?" என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறான்.

தெரு முனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன். நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கு." தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்கோவும் ரத்தப் பரிசோதனைகளுமாக ஒரு மாசச் சம்பளம் போயிற்று. அங்கே என் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "வயசுப் பொண்ணு. சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்." ஊரில் ஆயா "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று மந்திரித்துக் கயிறு கட்டினாள். ஆயாவின் கயிற்றுக்கும் அந்த டாக்டரின் கல்யாணத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆயா காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பதினான்கு மாதம் கழித்து, வேறொரு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் அவளைப் பெஞ்சில் பத்து நிமிஷம் படுக்கச் சொன்னார். நாடித் துடிப்பு 74. பி.பி. 110க்கு 70. பிறகு எழுந்து, எதிலும் சாயாமல், காலை அசைக்காமல் நிற்கச் சொன்னார். முதல் நிமிஷம் 102. ஐந்தாவது நிமிஷம் 116. பத்தாவது நிமிஷம் 121. பி.பி. 108க்கு 74. ஹீமோகுளோபின் 12.2, தைராய்டு சரியாக இருந்தது. இதே சோதனையை இன்னொரு நாள் காலையில் வரச்சொல்லி மறுபடியும் செய்தார். அதே கணக்குதான் வந்தது. மொத்தச் செலவு பஸ் டிக்கெட். வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டது: "மாமா, நான் நடிக்கலன்னு இப்பவாவது நம்புவாங்களா?" பதினான்கு மாதமாக நோயைவிட அவளை அதிகம் வதைத்தது எது என்று இந்தக் கேள்வியிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆக, இந்தச் சோதனைக்கு என்ன வேண்டும்? ஒரு கட்டில், ஒரு பி.பி. கருவி, ஒரு கடிகாரம், இருபது நிமிஷம். மேசையோடு ஆளைக் கட்டி 60, 70 டிகிரி சாய்த்துப் பார்க்கிற 'டில்ட் டேபிள்' சோதனையும் இருக்கிறது. அது பெரிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும். சந்தேகம் தீராதவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் முதல் சோதனைக்கு அந்த மேசை வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற சாமான்களே போதும். குறைந்தது ஐந்து நிமிஷம், முடிந்தால் பத்து நிமிஷம் படுக்க வைத்துத் துடிப்பையும் அழுத்தத்தையும் எழுத வேண்டும். எழுந்து நின்ற பிறகு 1, 3, 5, 10ஆம் நிமிஷங்களில் மறுபடி எழுத வேண்டும். காலை நேரம் நல்லது, இந்த நோய் காலையில்தான் அதிகம் வாட்டும். முன்னதாக டீ, காபி வேண்டாம்.

வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணலாம். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் அதில் துடிப்பும் தெரியும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்திப் படுக்க வைத்துவிட வேண்டும். நெஞ்சுவலி இருந்தாலோ, வேலை செய்கையில் மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் சின்ன வயசில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ வீட்டில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக் கணக்கை வைத்து நோய்க்கு முடிவு கட்டவும் கூடாது. ஆனால் நான்கு நாள் எழுதிய தாள் ஒன்று டாக்டரின் மேசையில் விழும்போது, 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்புவது அத்தனை சுலபமாக இருக்காது.

சில எதிர்ப்பேச்சுகளை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பதட்டத்திலும் நெஞ்சு படபடக்காதா?' படபடக்கும். அதுவும் நோய்தான், அதற்கும் வைத்தியம் வேண்டும். ஆனால் படுத்தால் இறங்கி நின்றால் ஏறுகிற துடிப்பைப் பத்து நிமிஷம் எண்ணிப் பார்க்காமலேயே பதட்டம் என்று எப்படித் தீர்மானித்தார்கள்? பெண் என்பதாலா, கிராமத்திலிருந்து வந்தவள் என்பதாலா, மருத்துவ மொழியில் பேசத் தெரியாதவள் என்பதாலா? எண்ணிவிட்டுச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

'நம் பெண்களுக்கு ரத்தமே இல்லை, முதலில் அதைப் பாருங்கள்.' உண்மைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையிலும் நின்றால் துடிப்பு ஏறும். ஆகவே ஹீமோகுளோபின் பார்க்காமல் பாட்ஸ் என்று பெயர் வைப்பது தப்பு. ஆனால் சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு கதை முடிந்துவிடுகிறதே! மாத்திரை சாப்பிட்டு ரத்தம் ஏறிய பிறகும் படபடப்பு நிற்கவில்லை என்றால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ரத்தசோகையைக் கண்டுபிடிக்கவாவது அவளை நிமிர்ந்து பார்த்து விசாரித்தார்களா?

'ஓ.பி.யில் வரிசை வாசல் வரை நிற்கிறது, இருபது நிமிஷத்துக்கு எங்கே போவது?' அந்த நெரிசல் பொய்யில்லை. ஆனால் இருபது நிமிஷமும் டாக்டர் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. செவிலியர் செய்யலாம். வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறாளே, அந்த நேரத்திலேயே செய்து முடிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பி.பி. கருவியோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

'கண்டுபிடித்து மட்டும் என்ன ஆகப்போகிறது, குணமாகாதே?' ஒரேயடியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பது சரி. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். டாக்டர் சொன்னால் உப்பைக் கூட்டிக்கொள்வது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது. காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கிற காலுறை. படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்கிற பயிற்சிகளில் தொடங்கி மாதக்கணக்கில் மெல்லக் கூட்டிக்கொண்டு போவது. தேவைப்பட்டால் மாத்திரைகள்: பிராப்ரனலால், ஐவாபிரடின், மிடோடிரின், ஃப்ளூட்ரோகார்டிசோன். பிராப்ரனலால் பழைய மாத்திரை, விலையும் குறைவு, ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பலர் தேறி வருகிறார்கள். என் அக்கா மகள் முழுக்கத் தேறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவரைப் பிடிக்காமல் குளிக்கிறாள்.

கடைசியாக நம் ஆட்களே கேட்பது. 'நமக்கு இருக்கிற ஆயிரம் பிரச்சினையில் இது ஒரு பிரச்சினையா? இது பணக்கார வியாதி இல்லையா?' தோழர்களே, பணக்காரர்கள் வீட்டில் இந்த நோய் வந்தால் அவர்கள் படுத்துக்கொள்ளலாம். நாற்று நடுகிறவள், சித்தாள், ஜவுளிக்கடைப் பெண், வீட்டு வேலை செய்கிறவள் எங்கே படுப்பது? நின்றால்தான் கூலி. நிற்க முடியாவிட்டால் அவளுக்கு முதலில் போவது வேலை, அடுத்து பேர். 'சோம்பேறி' என்று யார் யாரைச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உட்காருவது யார், நிற்பது யார் என்பதை இந்தச் சமூகம் எப்போதும் தீர்மானித்தே வைத்திருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை எல்லோரும் பார்த்தோம். நாற்காலி அவ்வளவு லேசில் கிடைக்கிற பொருளில்லை. நான் வேலை செய்கிற இடத்திலும் பார்க்கிறேன். கவுண்டருக்கு உள்ளே எனக்கு நாற்காலி. வெளியே மகளிர் குழுப் பெண்களும் முதியோர் உதவித்தொகைக்கு வந்தவர்களும் வரிசையில். நிற்க முடியாமல் யாராவது தரையில் உட்கார்ந்தால், "யாரும்மா அது கீழ உக்காந்திருக்கறது, எந்திரிங்க" என்று வாட்ச்மேன் சத்தம் போடுகிறார். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பதில்லை.

கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று திரண்டு கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம். என் அக்கா மகள் வேலை பார்த்த தளத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு இரண்டு ஸ்டூல். அதிலும் கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது. கழிப்பறைக்குப் போனால் நிமிஷத்தை எண்ணுவார்கள் என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் பத்து மணி நேரம் நின்றால் நல்ல உடம்புக்கே தலை சுற்றும். பாட்ஸ் உள்ள உடம்பு என்ன ஆகும்? டாக்டர் 'மூணு லிட்டர் தண்ணி குடி' என்று எழுதுகிற சீட்டை அந்தக் கடையின் கழிப்பறைக் கதவு கிழித்துப் போடுகிறது. சோதனையும் ஸ்டூலும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனவே நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. நின்றால் படபடப்பு, தலைசுற்றல் என்று யார் வந்து சொன்னாலும் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பத்து நிமிஷம் துடிப்பையும் அழுத்தத்தையும் எண்ணி, ஓ.பி. சீட்டில் எழுதித் தர வேண்டும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். எண்ணாமல் 'டென்ஷன்' என்று எழுதக் கூடாது. எண்ணிய பிறகும் சந்தேகம் இருந்தால் மேல் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கடைகளில் ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டுமல்ல, அதில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்றும் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும்.

அதுவரை நம் வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், நின்றால் முடியவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அவளை நம்புங்கள். அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே குரலை உயர்த்தாமல், ஆனால் நகராமல், "ஒரு தடவை நிக்க வச்சுப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். பார்க்கிற வரைக்கும் கேளுங்கள்.